தைலம் கொசுவை விரட்டும், டிங்கியை விரட்டுமா?



"டிரசர் ஐயா, தினமும் பிள்ளைக்குச் செராய் எண்ணெய் தடவித்தானே பள்ளிக்கு அனுப்புறேன். அப்புறம் எப்படி டிங்கி வந்துச்சு?" தம்பின் வட்டாரத் தோட்டத்துத் தாய் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

செராய் வாங்கி என்கிற வாசனைப் புல் நம் லயத்துக் கொல்லையிலேயே வளரும். இதன் எண்ணெயை அமெரிக்காவில் 1948லேயே கொசுவிரட்டியாகப் பதிவு செய்தார்கள். ஆகவே இதில் குணம் இல்லாமல் இல்லை. கொசு நம் மூச்சுக் காற்றையும் வியர்வை வாடையையும் மோப்பம் பிடித்து வருகிறது. செராய் எண்ணெயின் வாசனை அந்த மோப்பத்தைக் குழப்பிவிடும்.

ஆனால் வாசனை நிலைக்காது. ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம்தான். பெரட்டுக்கு முன் தடவியது, மரம் சீவி வேர்க்கும்போதே போய்விடும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம் கடிக்கும்.

இன்னொன்று. எண்ணெய் வாசனைக்கு ஓடிய கொசு சாகவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போகும். உங்கள் தொட்டியிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்த தொட்டிச் சுவரிலும் முட்டை பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கொட்ட முடியாத தொட்டிக்கு 10 லிட்டருக்கு 1 கிராம் அபேட் மருந்து போடுங்கள். வெட்டு நிறுத்திய மரங்களில் பால் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள்.

எண்ணெயைத் தடவுவதானால் தேங்காய் எண்ணெயில் சில சொட்டு மட்டும் கலந்து தடவுங்கள். கைக்குழந்தைக்கு வேண்டாம், கொசுவலையே நல்லது. யூகலிப்டஸ் தைலப் போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு தேக்கரண்டி குடித்தாலும் வலிப்பு வரலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள்.

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பனடோல் கொடுக்கலாம், ஆஸ்பிரின், புரூஃபன் கூடவே கூடாது.

தைலம் உடம்போடு நிற்கட்டும். கொசு பிறக்கும் இடம் தண்ணீர். நம் வேலை அங்கேதான்.