கால் மாறி நிற்பது

சாயங்காலமானால் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெரு ஸ்கேட்போர்டு பிள்ளைகள் கைக்குப் போய்விடும். அதில் ஒருவன் இடது காலைப் பலகையில் ஊன்றி, வலது காலால் தரையை உந்துவான். அவன் தங்கைக்கு எல்லாம் தலைகீழ். “மாத்தி நின்னு ஓட்டு பாப்போம்” என்றேன் ஒருநாள். ஏறினான். பலகை முன்னே போனது. பையன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

கைகளைப் போலவே கால்களுக்குள்ளும் வேலைப் பிரிவினை உண்டு. வலது காலால் பந்தை உதைப்பவரைப் பாருங்கள்: அந்த நொடியில் மொத்த உடம்பையும் தாங்குவது இடது கால். உதைக்கிற கால் பேர் வாங்கிக்கொள்ளும், நிற்கிற காலை யாரும் பார்ப்பதில்லை. அலைச்சறுக்கில் இடது காலை முன்வைப்பவர் ‘ரெகுலர்’, வலதை முன்வைப்பவர் ‘கூஃபி’.

இந்தப் பிரிவினை நன்றாக வம்பு செய்யும் இடம் விங் ஃபாயில். ராமேஸ்வரத்தில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிறார்களே, அதற்கு இது தம்பி முறை. கையில் காற்றடைத்த இறக்கை, காலடியில் பலகை, பலகைக்கு அடியில் ஒற்றைக் கம்பம், அதன் நுனியில் விமான இறக்கை போன்ற தகடு. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் சின்னத் தகடுகூட வேகம் பிடித்ததும் ஆளையும் பலகையையும் மேலே தூக்கிவிடும்.

போகும்போது சுகம்: காற்று முதுகுப் பக்கம், இறக்கை நெஞ்சுக்கு எதிரே. திரும்பினால் இறக்கை முதுகுப் பக்கம் போய்விடும். இடுப்பை முறுக்கிக்கொண்டே வரலாம். இல்லையென்றால் கால் மாற்ற வேண்டும். மாற்றும் அந்த ஒரு நொடிதான் கண்டம். முன்காலில் பாரம் கூடினால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தும். பின்காலில் கூடினால் தகடு தண்ணீரைவிட்டு வெளியே வரும், தூக்கும் விசை போகும், தொப்!

ஒரே காலுக்கு வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்று மதுரைக்குத் தெரியும். பரதம் பழகிய ராஜசேகர பாண்டியன், தன் கால் வலித்த பிறகுதான் நடராசர் வலது காலிலேயே நிற்பதை நினைத்து மனம் வருந்தி, மாற்றி ஆடும்படி வேண்டினான் என்கிறது திருவிளையாடல். மதுரைக் கோயிலின் வெள்ளியம்பலத்தில் இன்றும் அவர் இடது காலில் நிற்கிறார்.

இறைவனுக்குச் சரி, நமக்கு? 1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சிறு துளைக்குள் ஊசி நுழைக்கும் பயிற்சியை வலது கைக்கு மட்டும் கொடுத்தார்கள். பிறகு சோதித்தால் இடது கையும் தேறியிருந்தது. ஒரு பக்கம் படிப்பதை மூளை மறுபக்கத்துக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. ஆகவே என் கட்சி இது: விங் ஃபாயில் பழகுகிறவர் முதலில் கால் மாற்றாமல் திரும்பப் பழகட்டும்; உடம்பு நிதானப்பட்டதும் மாற்றட்டும்.

எங்கள் தெருப் பையன் இப்போது கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலை முன்வைத்து நிற்கிறான். எத்தனை நொடி என்று தங்கை எண்ணுகிறாள், கொஞ்சம் வேகமாகவே.