பழைய வீட்டின் உணவறை

நம் நாட்டின் பழைய வீடுகள் பல, செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. அத்தகைய வீட்டின் உணவறையைப் புதுப்பிப்போர், வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் சுவரின் ஈரத்தை ஆராய்தல் வேண்டும். நிலத்தின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். கை கழுவும் தொட்டியின் கசிவும் அதனோடு சேரும். சுண்ணாம்புப் பூச்சு அவ்வீரத்தை ஆவியாக வெளியேற விடும். சிமெண்டுப் பூச்சோ அதனைத் தடுக்கும். உள்ளே தங்கிய ஈரத்தால் உப்புப் பூத்து, செங்கல் பொடிந்து உதிரும். எனவே, கசிவை நீக்கிச் சுவரை உலரவிட்டபின் சுண்ணாம்புச் சாந்தையே பூசுதல் நன்று. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். ஆதலின், விரைவைவிடப் பொறுமையே பழைய சுவரைக் காக்கும்.

வினா: பழைய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஏன் பொருந்துவதில்லை?