சாவியும் கணக்கும் ஒரே கையில்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 16,000. அதன் நகராட்சிக் கணக்கு அதிகாரி ரீட்டா கிரண்ட்வெல் 1990 முதல் 2012 வரை சுருட்டிய ஊர்ப்பணம் 5.37 கோடி டாலர்.

இருபது ஆண்டுக்கு மேல் எப்படி முடிந்தது? வங்கியில் கணக்குத் தொடங்குவது, பணம் எடுப்பது, பேரேடு எழுதுவது, எல்லாமே அவர் பொறுப்பு. நகராட்சிக்கு வரும் தபாலைக்கூட அவரே எடுத்துவருவார். வெளியூர் போனால் அவருடைய உறவினர் எடுப்பார். நகராட்சியின் பெயரில் அவர் ரகசியமாக ஒரு கணக்கு வைத்திருந்தார். மாநில அரசு பணம் கேட்பதுபோலப் போலி பில் போட்டு, தொகையை அதற்குள் திருப்பினார். அந்தப் பணத்தில் சுமார் 400 குதிரைகள் வளர்ந்தன. ஊரிலோ சாலை போடக் காசில்லை. கேட்டவர்களிடம், மாநில அரசு நிதியை இழுத்தடிப்பதாகச் சொன்னார். ஆண்டுதோறும் தணிக்கை நடந்தது, தணிக்கையாளர்களும் கண்டுபிடிக்கவில்லை.

2011இல் அவர் நீண்ட விடுப்பில் போனார். அவர் வேலையைப் பார்த்த நகராட்சி எழுத்தர், எல்லாக் கணக்குகளின் அறிக்கையையும் வங்கியிடம் கேட்டு வாங்கினார். முன்பின் பார்த்திராத கணக்கொன்று அதில் இருந்தது. அவர் மேயரிடம் காட்ட, மேயர் எஃப்.பி.ஐ.யிடம் போனார். 2013இல் ரீட்டாவுக்கு 19 ஆண்டு 7 மாதச் சிறைத்தண்டனை.

நம் வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலைநாள் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருப்பது, இப்படி ஆள் இல்லாதபோதுதான் மறைத்தவை வெளிவரும் என்பதால்தான். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். ஒருவர் பதிவிட்டால் இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். ஆனால் அவசரத்துக்குப் பாஸ்வேர்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்த இரண்டு பேரும் ஒருவர்தான்.

"இத்தனை வருஷம் கூட இருந்தவரைச் சந்தேகப்படுவதா?" என்று சிறு நிறுவன முதலாளிகள் தயங்குகிறார்கள். பொறுப்பைப் பிரிப்பது சந்தேகம் ஆகாது. எல்லாவற்றையும் ஒருவரே பார்க்கும் இடத்தில் பணம் குறைந்தால், தப்பே செய்யாவிட்டாலும் பழி அவர்மேல்தான் விழும். தன் நேர்மையை நிரூபிக்க அவரிடம் எந்தச் சாட்சியும் இருக்காது.

கடையில் இருப்பதே இரண்டு பேர் என்றால் எப்படிப் பிரிப்பது? பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். வங்கி அறிக்கை அவர்கள் வழியாக வராமல் முதலாளியின் கைக்கே நேராக வரட்டும். மாதம் ஒருநாள் உட்கார்ந்து அதை அவரே பேரேட்டோடு ஒத்துப்பார்க்கட்டும். அந்த வேலையை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது.