பதிமூன்று நாவல்களும் ஒரு பதிப்பாளரும்

பிராண்டன் சாண்டர்சன் எழுதிய 'எலான்ட்ரிஸ்' 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. கடையில் வாங்கியவர்களுக்கு அது ஒரு புதிய எழுத்தாளரின் முதல் நாவல். அவர் எழுதிய வரிசையிலோ அது ஆறாவது. அந்த முதல் புத்தகம் விலைபோவதற்குள் அவர் 13 நாவல்களை எழுதிவிட்டிருந்தார். அதே சாண்டர்சன் 2022இல் நான்கு புதிய நாவல்களுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வாசகர்களிடம் நேரடியாகப் பணம் திரட்டியபோது, 1 லட்சத்து 85 ஆயிரம் பேர் சேர்ந்து 4 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தார்கள். இடைப்பட்ட வெற்றியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். முதல் ஃபேன்டசி நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பதிப்பாளரைத் தேடும் ஒருவருக்கு அதைவிடப் பயன்படுவது, அந்த 13 நாவல்களின் காலம்தான்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்துப் பையன் சாண்டர்சன். புத்தகம் என்றாலே ஒதுங்கிப்போனவன். எட்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் பார்பரா ஹாம்ப்ளியின் 'டிராகன்ஸ்பேன்' நாவலைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஃபேன்டசியை விடவில்லை. யூட்டாவில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படிக்கச் சேர்ந்து, பிறகு ஆங்கில இலக்கியத்துக்கு மாறினார். ஒரு ஹோட்டலில் இரவு நேர வரவேற்பாளர் வேலை. நள்ளிரவுக்குப் பிறகு யாரும் வர மாட்டார்கள், உட்கார்ந்து எழுதலாம் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த வேலை அது.

எழுதியவற்றை அனுப்பினார். திரும்பி வந்தன. நீளம் அதிகம் என்றார்கள். அப்போது ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் இருண்ட, குரூரமான கதைகளுக்கு மவுசு ஏறிக்கொண்டிருந்த நேரம். அந்த மாதிரி எழுதினால் எடுபடும் என்ற பேச்சும் இருந்தது. சாண்டர்சன் பணிந்தார். சின்னதாக, இருட்டாக, சந்தை கேட்பதாகத் தான் நினைத்த வகையில் எழுதிப் பார்த்தார். அந்தப் புத்தகங்கள் முன்பு எழுதியவற்றைவிட மோசமாக வந்தன என்று அவரே பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். தனக்கு வராத குரலில் பேசியதன் விளைவு. அதன்பின் அவர் எடுத்த முடிவுதான் முக்கியமானது: எப்படியும் யாரும் வாங்கப்போவதில்லை என்றால், தனக்குப் பிடித்த மாதிரி, தனக்குப் பிடித்த நீளத்தில் எழுதிவிடலாம். அப்படிப் பிறந்த பிரம்மாண்டமான கைப்பிரதிதான் 'தி வே ஆஃப் கிங்ஸ்'. முழுவதும் திருத்தி எழுதப்பட்டு 2010இல் வெளியாகி, இன்று அவருடைய பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் நாவல் அது.

நிராகரிப்பு எழுத்தாளருக்குச் செய்யும் பெரிய கெடுதல் இதுதான். மனம் நொந்து எழுதுவதை நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம்; மறுத்தவர்களுக்குப் பிடித்தமாதிரி தன்னை வளைத்துக்கொண்டு, சொந்தக் கதையைத் தொலைத்துவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

'எலான்ட்ரிஸ்' விற்ற விதத்தையும் பார்க்கலாம். அமெரிக்காவில் ஃபேன்டசி, அறிவியல் புனைவு வாசகர்கள் கூடும் மாநாடுகள் ஆண்டு முழுவதும் நடக்கும். பதிப்பக எடிட்டர்களும் அங்கே வருவார்கள். அப்படி ஒரு மாநாட்டில் டோர் பதிப்பகத்தின் மோஷே ஃபெடரைச் சந்தித்துப் பேசி, கைப்பிரதியை அனுப்பினார் சாண்டர்சன். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு எந்தச் சத்தமும் இல்லை. அவர் அடுத்தடுத்த நாவல்களில் மூழ்கிவிட்டார். பிறகு ஒருநாள், வாங்கிக்கொள்கிறோம் என்று ஃபெடரிடமிருந்து செய்தி வந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? பெரிய பதிப்பகங்களுக்கு யாரும் கேட்காமலேயே வந்து குவியும் கைப்பிரதிகளை 'ஸ்லஷ் பைல்' என்பார்கள். அதைப் படிப்பது எடிட்டரின் அன்றாட வேலை முடிந்தபிறகு மிஞ்சும் நேரத்தில்தான். இன்று பல பெரிய நிறுவனங்கள், எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசும் முகவர் வழியாக வராத கைப்பிரதியைத் தொடுவதே இல்லை. அதனால் முதலில் தேட வேண்டியது இலக்கிய முகவரை. அவருக்கு அனுப்புவது ஒரு பக்கக் கடிதம், கதைச் சுருக்கம், முதல் சில பக்கங்கள். யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தோற்றால் எதை இழப்பார் என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். தாங்கள் படைத்த உலகத்தின் ராஜவம்சங்களையும் மந்திர விதிகளையும் கடிதம் முழுக்க அடுக்கிவிடுகிறார்கள். கதாநாயகி யார் என்பது கடைசிவரை தெரியாது.

நேர்மையான முகவர் முன்கூட்டிப் பணம் கேட்பதில்லை. புத்தகம் விற்றபின் எழுத்தாளருக்கு வரும் தொகையில் உள்நாட்டு உரிமைக்கு வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20 சதவீதம் எடுத்துக்கொள்வார்.

நீளம் பற்றிய எச்சரிக்கையிலும் நியாயம் இருக்கிறது. புதியவரின் ஃபேன்டசி நாவல் ஒரு லட்சம் சொற்களை ஒட்டி இருந்தால் நல்லது, 1 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டினால் சிரமம் என்றுதான் முகவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். பக்கம் கூடினால் காகிதச் செலவு, அச்சுச் செலவு, விலை எல்லாம் கூடும். பெயர் தெரியாத எழுத்தாளரின் தடித்த புத்தகத்தை வாங்க ஆள் குறையும். பல பாகத் தொடர் நாவலில் இன்னொரு அபாயமும் உண்டு. முதல் பாகம் விற்காவிட்டால் ஐந்தாம் பாகம் வரை யார் அச்சடிப்பார்கள்? ஆகவே தொடராகத் திட்டமிட்டாலும் முதல் பாகம் தன்னளவில் முடிகிற கதையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். சாண்டர்சனின் 'எலான்ட்ரிஸ்' சுமார் 2 லட்சம் சொற்கள் கொண்டது. நீள விதியை அது மீறியது. ஆனால் கதை அந்த ஒரே புத்தகத்தில் முடிகிறது.

சில மறுப்புகளுக்குக் காரணம் எழுத்தின் தரமல்ல, புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்ற குழப்பம்தான். மேடலின் லெங்கிளின் 'எ ரிங்கிள் இன் டைம்' 26 முறை திருப்பியனுப்பப்பட்டது. குழந்தைகளுக்கா, பெரியவர்களுக்கா என்று யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் வீட்டில் நடந்த ஒரு தேநீர் விருந்துக்கு வந்தவர், ஜான் ஃபாரர் என்ற பதிப்பாளரைப் போய்ப் பாருங்கள் என்று வற்புறுத்தினார். 1962இல் புத்தகம் வந்தது. மறு ஆண்டே குழந்தை இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம். ரிச்சர்டு ஆடம்ஸ் பிரிட்டிஷ் அரசு அலுவலர். காரில் போகும்போது மகள்களுக்குச் சொன்ன முயல் கதையை 'வாட்டர்ஷிப் டவுன்' என்ற நாவலாக்கினார். பெரிய பிள்ளைகள் முயல் கதை படிக்க மாட்டார்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. முன்பணம் கொடுக்கக்கூட வசதியில்லாத ரெக்ஸ் காலிங்ஸ் என்ற சிறு பதிப்பாளர் 1972இல் 2,500 பிரதிகள் அச்சிட்டார். அப்போது ஆடம்ஸுக்கு 52 வயது.

இந்தக் கதைகளிலெல்லாம் கடைசியில் ஒரே ஒரு வாசகர் வருகிறார். ஹாரி பாட்டரின் முதல் நாவலை 12 பதிப்பகங்கள் மறுத்த பிறகு, புளூம்ஸ்பரி பதிப்பகத்தின் தலைவர் அதன் தொடக்கத்தைத் தன் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். அவள் மீதியையும் கேட்டு நச்சரித்தாள். டோல்கினின் 'ஹாபிட்' கைப்பிரதியைப் படித்துக் கருத்து எழுதியவன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினின் பத்து வயது மகன் ரேனர். அவனுக்குக் கிடைத்த கூலி ஒரு ஷில்லிங்.

அந்த ஒரு வாசகரைப் பதிப்பகத்துக்கு வெளியே தேடிப் பிடித்தவர்களும் உண்டு. மும்பையில் நிதித்துறை வேலையில் இருந்த அமிஷ் திரிபாதியின் 'மெலூஹா'வை எந்தப் பதிப்பகமும் ஏற்கவில்லை. டெல்லியில் புத்தகக்கடை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த அவருடைய முகவர் அனுஜ் பாஹ்ரி தாமே அதை வெளியிட முன்வந்தார். அமிஷ் முதல் அத்தியாயத்தைத் தனியாக அச்சடித்து, கடைகளில் இலவசமாகக் கொடுக்க வைத்தார். 2010இல் வெளியான அந்த நாவல் பிறகு தமிழ் உட்படப் பல மொழிகளுக்குப் போனது. கிறிஸ்டோபர் பவோலினியின் 'எராகன்' நாவலை அவருடைய குடும்பமே 2002இல் அச்சிட்டது. இளைஞனான பவோலினி இடைக்கால உடை போட்டுக்கொண்டு பள்ளி பள்ளியாக, நூலகம் நூலகமாகப் போய்ப் பேசினான். நாவலாசிரியர் கார்ல் ஹையாசன் வீட்டுச் சிறுவன் அதைப் படித்து மயங்க, ஹையாசன் தன் பதிப்பகமான நாஃபிடம் சொன்னார். 2003இல் நாஃப் அதை வெளியிட்டது.

பவோலினி குடும்பம் செலவழித்தது தங்கள் சொந்தப் புத்தகத்துக்கு. உரிமையும் லாபமும் அவர்களிடமே இருந்தன. 'உங்கள் நாவலை நாங்கள் வெளியிடுகிறோம், அச்சுச் செலவை நீங்கள் கொடுங்கள்' என்று வரும் அழைப்பு அப்படிப்பட்டதல்ல. எங்கும் இடம் கிடைக்காமல் சோர்ந்திருக்கும் நேரத்தில்தான் அந்த அழைப்பு இனிக்கும். அப்போது தயவுசெய்து நிதானியுங்கள். பணம் கேட்கிறவர் எத்தனை கடைகளுக்குப் புத்தகத்தை அனுப்புவார், இதற்குமுன் அனுப்பியவை எவை என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகள் யாரிடம் இருக்கும், புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது உங்களுக்குத் திரும்பும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த நாவலைத் தொடங்குங்கள்.