பெயர் எழுதப்பட்டவர்களும் எழுதப்படாதவர்களும்: இலங்கைக்கு வந்த ஆபிரிக்கப் படைவீரர்கள்

இரண்டாம் உலக மகா யுத்தம் என்றதும் ஹிட்லரும் சேர்ச்சிலும் நம் நினைவுக்கு வருகிறார்கள். இலங்கையைப் பொறுத்தவரை, 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதைச் சொல்வோம். ஆனால் அந்த யுத்தகாலத்தில் இத்தீவைக் காக்க அனுப்பப்பட்டவர்களுள் ஆபிரிக்கக் கறுப்பினப் படைவீரர்களும் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்கள் யார், ஏன் வந்தார்கள், இறந்தவர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. அடுத்தது இலங்கைதான் என்று பிரித்தானியர் அஞ்சினர். எனவே கிழக்காபிரிக்காவிலிருந்து ஒரு படையணியை 1942 இல் இங்கு கொண்டுவந்தனர். 1943 இல் 11 ஆவது கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு முழுவதும் வந்து சேர்ந்தது. கென்யா, உகண்டா, தங்கனிக்கா (இன்றைய தன்சானியா), நியாசலாந்து (இன்றைய மலாவி), வட ரொடீசியா (இன்றைய சாம்பியா) ஆகிய நாடுகளின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அந்நாடுகள் எல்லாம் அப்போது பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தன. தமக்குச் சுதந்திரம் இல்லாத நிலையிலேயே அவர்கள் அடுத்தவருடைய யுத்தத்துக்காகக் கடல் கடந்தார்கள்.

இலங்கைக் காடுகளில் பயிற்சி பெற்ற அவர்கள் 1944 நடுப்பகுதியில் பர்மா சென்றனர். அடைமழைக் காலத்தில், சேற்றிலும் மலேரியாவிலும் உழன்றபடி கபாவ் பள்ளத்தாக்கினூடாக முன்னேறி, டிசம்பர் மாதத்தில் கலேவா நகரை அடைந்தனர். அதே ஆண்டில்தான் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இயங்கத் தொடங்கியது. இறம்பொடையிலிருந்து கண்டிக்குப் போகும்போது நாம் பேராதனை வழியாகத்தான் போகிறோம். சுற்றுலா போய்ப் படம் எடுத்துவரும் அந்தப் பூங்காவிலிருந்துதான் பர்மா யுத்தத்துக்கான கட்டளைகள் போயின.

எல்லோரும் இங்கு வந்து சேரவுமில்லை. மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்ற கப்பலை 1944 பெப்ரவரி 12 ஆம் திகதி மாலைதீவுக்கு அருகில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலொன்று தாக்கியது. இரண்டு நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. 1,297 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்கள். தாதியர் உட்பட 83 பெண்கள் அதில் பயணம் செய்தனர். அந்தப் பெண்களில் உயிர் தப்பியவர்கள் 6 பேர் மட்டுமே.

கண்டி நகருக்கு அண்மையில் பிட்டகந்தை என்ற இடத்தில் யுத்த மயானம் ஒன்று இருக்கிறது. அங்கு சுமார் 200 கல்லறைகள் உள்ளன. அவற்றுள் 35 கிழக்காபிரிக்க வீரர்களுடையவை. பிரித்தானியரும் இந்தியரும் நம் நாட்டவரும் உறங்கும் அதே மண்ணில்தான் அவர்களும் உறங்குகிறார்கள்.

கிழக்காபிரிக்காவில் படைவீரனை 'அஸ்கரி' என்பார்கள். அது அரபுச் சொல்லிலிருந்து சுவாஹிலி மொழிக்குச் சென்ற சொல். நம் ஊர்களில் அஸ்கர் என்று பெயர் வைப்பதில்லையா? அதே சொல்தான். அப்படைகளில் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆனால் ஆபிரிக்கரைக் குறிக்க நம்மிடையே வழங்கும் சொல் அதுவல்ல. 'காப்பிரி' அல்லது 'காப்பிலி' என்பதுதான். அதுவும் 'காஃபிர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. அரபு வணிகர் வாயிலாகப் போர்த்துக்கேயரிடம் சென்று, அவர்கள் மூலம் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. தென்னாபிரிக்காவில் இன்று அது மிக மோசமான வசைச்சொல். இங்கோ சுருட்டை முடியுள்ள பிள்ளையைக் 'காப்பிரி முடி' என்று கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். பெயர் மறந்துபோகும் இடத்தில் பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிடுகிறது.

1942 இல் வந்தவர்கள் முதலாமவர்களும் அல்லர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகிய மூவருமே ஆபிரிக்கரை இங்கு கொண்டுவந்து படையில் சேர்த்தனர். முதல் பிரித்தானிய ஆளுநரான பிரடெரிக் நோர்த் கோவாவிலிருந்து அவர்களை விலைக்கு வாங்கிப் படையில் சேர்த்தார். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துக்கு அருகில் சிரம்பையடியில் வாழ்கிறார்கள். மான்ஜா என்னும் அவர்களின் பாட்டும் ஆட்டமும் புகழ்பெற்றவை. ஆனால் கண்டி யுத்தங்களில் இறந்த அவர்களின் முன்னோருக்கு, பிட்டகந்தையில் இருப்பது போல் வரிசையான பெயர்க் கற்கள் இல்லை.

உலகிலும் இதே நிலைதான். யுத்தத்தில் இறந்த எல்லோரையும் இனம், மதம், பதவி பாராமல் சமமாக நினைவுகூர்வதாகக் கூறி, 1917 இல் ஓர் ஆணைக்குழு தொடங்கப்பட்டது. ஆனால் முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியருக்காக இறந்த குறைந்தது 116,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று 2021 இல் அந்த ஆணைக்குழுவே ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவர்களில் பெரும்பாலானோர் கிழக்காபிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்கள். அதன் பின்னர் 2025 ஜனவரியில் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் 1,700 க்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களின் பெயர்களோடு ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும் என்பதை அது காட்டுகிறது.

இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்தது நம் தமிழ் மரபு. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. அத்தோடு நாம் வாழ்வது மலைநாட்டில். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வரும் வழியில் இறந்துபோன தொழிலாளர்களுக்கும் பெயர்க் கல் இல்லை. பெயரில்லாமல் புதைக்கப்படுவது என்றால் என்னவென்று இந்த மலைகளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்புச் சகோதரிகளே, இதற்குப் பெரிய பட்டம் எதுவும் தேவையில்லை. யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பதிவேட்டில் மயானத்தின் பெயரைக் கொடுத்தால், அங்கு அடக்கப்பட்ட ஒவ்வொருவரின் பெயர், படையணி, இறந்த திகதி ஆகியவற்றை இணையத்தில் யாரும் பார்க்கலாம். 35 பெயர்களையும் தமிழில் எழுதி நம் கல்லூரி நூலகத்தில் வைப்பது ஒரு வாரத்து வேலைதான். பெற்றோர்களே, உங்கள் வீட்டு உம்மும்மாவிடமும் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டியிடமும் யுத்தகாலத்தைப் பற்றி இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். 1944 இல் 10 வயதாக இருந்தவருக்கு இன்று 90 கடந்துவிட்டது. பதிவேட்டை நாளைக்கும் பார்க்கலாம்; அவர்களிடம் நாளைக்கும் கேட்க முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.