கரிசலில் விழுந்த கல்

சங்கரன்கோவிலுக்கு நேர் கிழக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டரில், ராமநாதபுரம் மாவட்டம் பெருநாழிப் பக்கத்துக் கரிசல் பூமி. 1857 பிப்ரவரி 28 அன்று அங்கே வானத்திலிருந்து கற்கள் விழுந்தன. எடை 77 கிலோவுக்கும் மேல். உலக விண்கல் பட்டியலில் இதற்கு ‘பர்னல்லி’ என்று பெயர். கல்லின் பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பர்னல்லி, எல்எல்3.6 வகைக் கல். அதிலுள்ள 3, கடுஞ்சூட்டில் மாறிப்போகாத ஆதிக்கல் என்பதற்கு அடையாளம். பூமி உருகி, இரும்பு அடியில் இறங்கி, பாறை மேலே தங்கியது. இந்தக் கல்லோ முழுதாக உருகியதே இல்லை. சூரியக் குடும்பம் பிறந்த காலத்தின், சுமார் 456 கோடி ஆண்டுப் பழைய மணிகள் எள்ளுருண்டையில் எள் போல இதில் நெருங்கி ஒட்டியிருக்கின்றன.

கல் விழுந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் ஆய்வு ஓயவில்லை. 1990-களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதற்குள் கிரிஸ்டோபலைட் என்ற சிலிகா இருப்பதைக் கண்டார்கள். நம் ஆற்றுமணலில் சிலிகா ஏராளம். இவ்வகை விண்கற்களில் அது அபூர்வம்; மக்னீசியமும் இரும்பும் சிலிக்கானை இழுத்துக்கொண்டு வேறு கனிமங்களாகிவிடும்.

பழைய கல், புதிய கனிமம்

மெக்சிகோவில் 1969-இல் விழுந்த அயெந்தே விண்கல்லும் ஓர் ஆதிக்கல்தான். அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர் சி மா, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதை ஆராய்ந்து, அதுவரை யாரும் அறியாத டைட்டானியம் ஆக்சைடு கனிமம் ஒன்றைக் கண்டார். சீனப் புராணத்தில் வரும் பாங்குவின் பெயரால் அது பாங்குவைட் ஆனது. அறிவிப்பு வந்த ஆண்டு 2012. கல் விழுந்து 43 ஆண்டுகள் கழிந்திருந்தன. வேதிச்சேர்க்கையோ படிக அமைப்போ புதியது என்று காட்டி, சர்வதேச கனிமவியல் சங்கத்தின் ஒப்புதல் பெற்றால்தான் ஒரு கனிமத்துக்குப் பெயர் நிலைக்கும்.

இந்திய மண்ணுக்கும் இதில் பங்குண்டு. 1852-இல் உத்தரப் பிரதேசத்து பஸ்தியில் விழுந்த கல் உருகி உறைந்த வகை. அதில்தான் ஓல்டாமைட், ஆஸ்பார்னைட் என்ற இரு கனிமங்கள் முதலில் தெரியவந்தன. பின்னர் ஆதிக்கற்களிலும் அவை கிடைத்தன. ஓல்டாமைட் கால்சியம் சல்ஃபைடு. ஈரம் பட்டால் சிதைந்துவிடும். பத்திரப்படுத்தியிராவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை.

புதிய கனிமத்துக்குப் புதிய கல்லைவிட, கெடாமல் வைத்த பழைய கல்லும் கூர்மையான கருவியுமே முக்கியம். நாளை நம் புஞ்சையில் ஒரு கல் விழுந்தால் கழுவ வேண்டாம். காந்தம் வைத்துப் பார்க்கவும் வேண்டாம், அதன் பழைய காந்தப் பதிவு அழிந்துபோகும். சுத்தமான உறையில் வைத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் கொடுப்பதே நல்லது.