கூடாமலே கூடுதல்

2004 மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி நாவலடியையும் கல்லடியையும் சூறையாடிய பின்னர், மட்டக்களப்பின் அகதி முகாம்கள் தோறும் பெயர்ப்பட்டியல்கள் தொங்கின. ஒரு முகாமின் பட்டியலை மறு முகாமினர் அறியார். பிள்ளையைத் தேடிய தாய்மார் முகாம் முகாமாக நடந்து அலைந்ததை, அந்நாளில் இளைஞராயிருந்த நாம் கண்ணாரக் கண்டோம்.

சிதறிக் கிடக்கும் செய்தியை ஒன்றுசேர்ப்பது எவ்வாறு? இக்கேள்வியுடனேயே வாழ்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் மரே டூராவ். பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், அரசின் அவசரகால ஆயத்த அலுவலகத்திற் கடமையாற்றினார். 1971இல் அதிபர் நிக்சன் சம்பளமும் விலையும் உயராவண்ணம் 90 நாட்களுக்குத் தடை விதித்தார். நாடெங்குமுள்ள கிளை அலுவலகங்கள் ஒரே முடிவைப் பின்பற்ற வேண்டுமே! டூராவ் 'எமிசாரி' என்னும் கணினி முறையை அமைத்தார். ஒருவர் எழுதியதை ஏனையோர் தத்தமக்கு இசைந்த நேரத்தில் வாசித்து மறுமொழி எழுதலாம். எல்லோரும் ஒரே வேளையிற் கூடவேண்டிய கட்டாயம் ஒழிந்தது.

பின்னர் நியூ ஜேர்சித் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியராகி, இதனையே வாழ்நாட் பணியாக்கினார். சமூகவியலாளர் ஸ்டார் ரொக்சான் ஹில்ட்ஸ் அம்மையாருடன் 1978இல் அவர் வெளியிட்ட நூல், கணினி வழியே உரையாடும் தேசமொன்றைக் கற்பனை செய்தது. வாசித்தோரிற் பலர் வெறுங்கதை என்றே எண்ணியிருப்பர்! முதுமையிற் பேரிடர் ஆய்வுக்கே மீண்டார், 2022இல் மறைந்தார்.

நம் நாட்டில், ஆழிப்பேரலை வந்த சில வாரங்களுக்குள் தொண்டர்கள் 'சகானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவிப்பொருட்கள் ஆகிய விபரங்களை ஒருங்கே திரட்டுவது அதன் வேலை. யாரும் விலையின்றிப் பெறலாம். 2005இல் பாகிஸ்தானிற் பூமி அதிர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது.